25 மி.மீ. என்றால் எவ்வளவு? பொறியியல் வரைபடம் படிக்க ஒரு தொடக்கம்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு தண்டு வரையச் சொன்னார்கள். பட்டறையில் அதற்கு ஷாஃப்ட் என்றுதான் பெயர். மொத்த நீளம் 180 மி.மீ., நடுப்பகுதி 32 மி.மீ. விட்டம், இரு முனைகளிலும் 25 மி.மீ. விட்டம். ஒரே இரவில் வரைந்து முடித்து, கோடுகள் பளிச்சென்று விழுந்திருக்கின்றனவா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மறுநாள் காலை லேத் என்ற கடைசல் இயந்திரத்தின் அருகே நின்றிருந்த, அதை ஓட்டும் மூத்த டர்னரிடம் கொடுத்தேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தம்பி, இந்த 25-இல் என்ன உட்காரப் போகிறது?”

“பேரிங், அண்ணே.”

“அப்படியானால் 25 என்பது எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வா.”

25 என்றால் 25தானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்று விழித்தேன். அவர் கேட்டது எனக்குப் புரியச் சில நாட்கள் ஆயின. வரைந்தவர் பக்கத்தில் இல்லாதபோது, செய்கிறவருக்கு எழும் ஒவ்வொரு கேள்விக்கும் தாளே பதில் சொல்ல வேண்டும். பொருள் எந்த வடிவம், எவ்வளவு பெரியது, எவ்வளவு பிசகினால் பரவாயில்லை ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் நான் விட்டுவிட்டேன். அதை விளங்கிக்கொள்ள முதல் இரண்டையும் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

நேராக நின்று பார்ப்பது

ஒரு பொருளைப் புகைப்படம் எடுத்தால் அது என்னவென்று யாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் படத்தின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து இன்னொன்று செய்ய முடியாது. அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழுந்திருக்கும். வட்டமான துளை முட்டை வடிவத்தில் தெரியும். செங்கோணம் செங்கோணமாக இருக்காது. அதனால் வரைபடத்தில் பொருளை ஒவ்வொரு பக்கத்துக்கும் நேர் எதிரே நின்று பார்க்கிறோம். முன்னால் நின்றால் முன்தோற்றம், மேலிருந்து குனிந்தால் மேல்தோற்றம், பக்கவாட்டில் நின்றால் பக்கத்தோற்றம். பார்வைக் கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணை என்று வைத்துக்கொள்வதால், தள்ளி இருப்பதும் சுருங்காது.

இதை ஒரு முறையான கணக்காக ஆக்கியவர் பிரான்ஸின் காஸ்பார் மோன்ஜ் (1746–1818). மெசியேர் நகரின் ராணுவப் பொறியியல் பள்ளியில் இருந்தபோது, கோட்டைச் சுவர் எவ்வளவு உயரம் இருந்தால் எதிரியின் குண்டு உள்ளே விழாது என்ற கேள்விக்கு, நீண்ட எண்கணக்கைத் தவிர்த்துக் கோடுகளாலேயே விடை கண்டார். அந்த முறை பல ஆண்டுகள் ராணுவ ரகசியமாகவே இருந்தது. 1795-இல்தான் பாரிஸில் அவர் அதைப் பொது வகுப்பில் கற்பிக்க முடிந்தது. இன்று முதலாம் ஆண்டு பொறியியல் மாணவர் டிராஃப்டர் என்ற வரைகருவியைப் பிடித்துக்கொண்டு போடும் கோடுகள் அங்கிருந்து வந்தவை.

எத்தனை தோற்றம் வரைய வேண்டும்? தேவையான அளவுக்கு மட்டும். என் தண்டுக்கு ஒரே ஒரு தோற்றம் போதும். விட்டக் குறியான குறுக்குக்கோடிட்ட வட்டத்தை 25-க்கு முன்னால் போட்டுவிட்டால், அது உருளை என்பது தெரிந்துவிடும். முனையிலிருந்து பார்க்கும் வட்டத்தை வரைந்து தாளை நிரப்ப வேண்டியதில்லை. ஒரு தகடாக இருந்தால் ஒரு தோற்றமும் தடிமனும் போதும். சாய்வும் பள்ளமும் கொண்ட வார்ப்பு என்றால் நான்கு தோற்றம்கூடப் போதாமல் போகும்.

இங்கே தொடக்கக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஆபத்து இருக்கிறது. தோற்றங்களைத் தாளில் எங்கே வைப்பது என்பதில் உலகத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு.

சுவருக்கு முன்னால் ஒரு பொருளை வைத்து, நம் பக்கமிருந்து விளக்கைக் காட்டினால் நிழல் பொருளுக்கு அப்பால் விழும். அப்படி அப்பால் விழுவதையே தோற்றமாக வைத்துக்கொள்வது முதற்கோண முறை. மேலிருந்து பார்த்தது கீழே போய் விழுகிறது. அதனால் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். இடப்பக்கமிருந்து பார்த்தது வலப்பக்கத்தில் வரும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இது வழக்கம். நம் கல்லூரிகளில் இந்திய தர நிர்ணய அமைப்பின் எஸ்பி 46 கையேட்டைப் பின்பற்றிச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

இன்னொன்று, பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வெளியே நின்று, தெரிவதைக் கண்ணாடியின் மேலேயே வரைவது. இது மூன்றாம் கோண முறை. மேலிருந்து பார்த்தது மேலேயே இருக்கும், வலமிருந்து பார்த்தது வலத்திலேயே இருக்கும். அமெரிக்காவில் இதுதான் வழக்கம்.

ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் என்ன ஆகும்? முன்தோற்றத்துக்குக் கீழே ஒரு தோற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதற்கோணத்தில் அது மேலிருந்து பார்த்தது; பொருளின் முன்விளிம்பு அதன் கீழ் ஓரத்தில் இருக்கும். மூன்றாம் கோணமாகப் படிக்கிறவருக்கு அது அடியிலிருந்து பார்த்தது. அவருக்கு முன்விளிம்பு மேல் ஓரம். ஆக, முன்னது பின்னாகி, பொருள் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல மாறிவிடும். துளைகள் எல்லாம் ஊடுருவிச் செல்லும் துளைகளாக இருந்தால் கோடுகளில் எந்த முரண்பாடும் தெரியாது. வெளிநாட்டு வரைபடம் ஒன்றை இப்படிப் படித்து, நாற்பது பிராக்கெட்டுகளை இடவலம் மாறிச் செய்துவிட்ட ஒரு பட்டறையை நான் அறிவேன். ஒவ்வொரு அளவும் வரைபடத்தில் இருந்தபடியே சரியாக இருந்தது. நாற்பதும் பழைய இரும்புக்குப் போயின.

இதைத் தவிர்க்கத்தான் தாளின் வலது கீழ் மூலையில், தலைப்புக் கட்டத்துக்குள், நுனி வெட்டிய கூம்பும் அதன் பக்கத்தில் இரண்டு வட்டங்களும் சின்னதாக இருக்கும். கூம்பின் அகன்ற முனை வட்டங்களின் பக்கம் இருந்தால் முதற்கோணம். குறுகிய முனை வட்டங்களின் பக்கம் இருந்தால் மூன்றாம் கோணம். எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் என் கண் போவது அந்தச் சின்னத்துக்குத்தான். உங்கள் கண்ணையும் அப்படிப் பழக்குங்கள்.

கோடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியும் விளிம்பு தடித்த கோடு. மறைந்திருக்கும் விளிம்பு விட்டுவிட்டு வரும் கோடு. மையம் என்றால் நீளமும் குட்டையுமாக மாறி மாறி வரும் மெல்லிய கோடு. உள்ளே சிக்கலான வேலை இருந்தால் விட்டுவிட்டு வரும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கண்ணைக் குழப்பும். அப்போது பொருளை வெட்டிக் காட்டிவிட வேண்டும். தேங்காய்க்குள் பருப்பு எவ்வளவு தடிமன் என்று உடைத்தால்தானே தெரிகிறது? அப்படி வெட்டியதாகக் காட்டுவது வெட்டுத்தோற்றம். கத்தி பட்ட இடத்தில் 45 பாகைச் சாய்கோடுகள் போடுவோம். போல்ட், தண்டு போன்ற திண்மையான பாகங்களை நீளவாக்கில் வெட்டியதாகக் காட்டுவதில்லை. உள்ளே காட்ட ஒன்றுமில்லை என்பதே காரணம்.

எங்கிருந்து அளப்பது

அளவு எழுதுவதில் சில ஒழுங்குகள் எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. எண்கள் எல்லாம் மி.மீ.; அலகை ஒவ்வொன்றிலும் எழுதுவதில்லை, தலைப்புக் கட்டத்தில் ஒருமுறை சொன்னால் போதும். தெரியும் விளிம்பிலிருந்தே அளவு எடுக்க வேண்டும், மறைந்த கோட்டிலிருந்து கூடாது. தாளின்மேல் ஸ்கேல் வைத்து அளந்து வேலை செய்யக் கூடாது, எழுதிய எண்ணே சட்டம். இவை நாலு வரைபடம் போட்டால் தானாகப் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு: எந்த அளவை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது.

என் தண்டில் மூன்று பகுதிகள். இடமுனை 40, நடு 100, வலமுனை 40. நான் அந்த மூன்றையும் எழுதி, மொத்தம் 180 என்றும் எழுதியிருந்தேன். கூட்டினால் சரியாக வருகிறது, படிப்பவருக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்தேன். அதுதான் பிழை.

எந்த இயந்திரமும் துல்லியமாக 40 வெட்டாது. 39.8 வரும், 40.1 வரும். வரைபடத்தில் தனியாக எதுவும் சொல்லாத அளவுகளுக்குப் பொதுவான வரம்பு ஒன்று உண்டு. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வகுத்த 2768 தரத்தின் நடுத்தர வகுப்பின்படி, 6-க்கு மேல் 30 வரை ±0.2, 30-க்கு மேல் 120 வரை ±0.3, 120-க்கு மேல் 400 வரை ±0.5. தலைப்புக் கட்டத்தில் ஒரு வரியாக இது இருக்கும். இப்போது என் அளவுகளைப் பாருங்கள். மூன்று பகுதிகளும் தனித்தனியே ±0.3-க்குள் இருக்கலாம் என்றால், மூன்றும் சேர்ந்து 180 ±0.9 வரை போகலாம். ஆனால் 180-க்கு அனுமதி ±0.5தான். 40.3, 100.3, 40.3 என்று வெட்டியவர் மூன்று அளவிலும் சரி, நான்காவதில் தவறு. அவர் மேல் குற்றமில்லை. தன்னோடு தானே முரண்படும் தாளை நான் கொடுத்திருக்கிறேன். சங்கிலியை முழுதாக மூடிவிட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு கண்ணியை எழுதாமல் விட வேண்டும்.

எதை விடுவது? அங்கேதான் அந்தப் பாகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தண்டு 32-இலிருந்து 25-க்கு இறங்கும் இடத்தில் ஒரு படி இருக்கிறது. அதைத் தோள் என்போம். இரண்டு பேரிங்குகளும் இரண்டு தோள்களில் முட்டி நிற்கும். ஆகவே தோளுக்கும் தோளுக்கும் இடையே உள்ள 100 முக்கியம். பம்பின் கூட்டுக்குள் பேரிங் எங்கே நிற்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மொத்த நீளமும் தேவை, ஏனென்றால் அதை வைத்துத்தான் கம்பியை அறுப்பார்கள். இடமுனையின் 40-ஐயும் எழுதிவிட்டால், வலமுனை தானாக மீதியாகிவிடும். அங்கே அரை மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பிசகு எல்லாம் அந்த மீதியில் போய்ச் சேரட்டும் என்று வரைகிறவர் தெரிந்தே முடிவெடுக்கிறார்.

இதே விஷயம் துளைகளில் இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு தகட்டில் 20 மி.மீ. இடைவெளியில் ஐந்து துளைகள். ஓரத்திலிருந்து முதல் துளை 20, அதிலிருந்து அடுத்தது 20 என்று ஒன்றைப் பிடித்து ஒன்றாக, ஒவ்வொன்றும் ±0.1 என்று எழுதினால், ஐந்தாவது துளை ஓரத்திலிருந்து ±0.5 வரை தள்ளிப்போகலாம். வேலிக்கால் நடும்போது ஒவ்வொரு காலையும் முந்தைய காலிலிருந்து அளந்தால் கடைசியில் எவ்வளவு இழுத்துக்கொண்டு போகும் என்பது நட்டவர்களுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக ஒரே ஓரத்திலிருந்து 20, 40, 60, 80, 100 என்று எல்லாவற்றையும் ±0.1-உடன் எழுதினால், ஐந்தாவதும் ±0.1-க்குள் நிற்கும். அந்த ஓரத்துக்கு ஆதாரப் பரப்பு என்று பெயர். ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு: அடுத்தடுத்த இரண்டு துளைகளுக்கு இடையே இப்போது ±0.2 வரை வித்தியாசம் வரலாம், சங்கிலி முறையில் அது ±0.1-ஆக இருந்தது. தகட்டின் மேல் வந்து உட்காரும் பாகத்துக்கு ஓரம் முக்கியமா, பக்கத்துத் துளை முக்கியமா? அதைக் கேட்காமல் எது நல்ல முறை என்று சொல்ல முடியாது.

அந்த 25

இப்போது டர்னர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

தண்டின் முனையில் உட்காரப் போவது 6205 எண் கொண்ட பால் பேரிங். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. பட்டறைகளில் பரவலாகத் தெரிந்த அளவு இது. ஆனால் அந்த உள்விட்டமும் சரியாக 25 அல்ல. சாதாரணத் தரத்தில் அது 24.990-க்கும் 25.000-க்கும் இடையே இருக்கும் என்பதுதான் உற்பத்தியாளர் தரும் உறுதி. கூடவே கூடாது, 10 மைக்ரான் வரை குறையலாம். மைக்ரான் என்பது மி.மீ.-யில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தண்டு 24.95 என்று வந்தால்? பேரிங் கையாலேயே சுலபமாக நுழையும். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு அது நன்றாகப் பொருந்தியதாகத் தோன்றும். மோட்டார் ஓடத் தொடங்கியதும், சுழலும் தண்டின்மேல் பேரிங்கின் உள்வளையம் பிடிப்பில்லாமல் மெல்ல வழுக்கி ஊரும். ஊர ஊரத் தண்டு தேயும், தேயத் தேய இடைவெளி கூடும், பிறகு அதிர்வு, இரைச்சல். தண்டு 25.08 என்று வந்தால்? அடித்துத்தான் ஏற்ற வேண்டும். உள்வளையம் விரியும். பந்துகளுக்கும் வளையங்களுக்கும் இடையே இந்தப் பேரிங்கில் இருப்பது 5 முதல் 20 மைக்ரான் இடைவெளிதான். அது தீர்ந்துபோய், பந்துகள் நெருக்குண்டு, சூடேறிச் சீக்கிரமே போய்விடும். இரண்டையும் சாதாரண ஸ்கேலால் அளந்தால் 25 என்றே காட்டும்.

ஆகவே 25 என்பது ஒரு புள்ளி அல்ல. ஒரு சிறிய பட்டை. அதன் மேல் எல்லையும் கீழ் எல்லையும்தான் உண்மையான அளவு. அந்தப் பட்டையின் அகலத்துக்குத்தான் டாலரன்ஸ் என்று பெயர். தவறு செய்தால் மன்னிப்பதற்கு விட்ட இடம் என்று பலர் இதை நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த எல்லைக்குள் எந்த இடத்தில் வந்தாலும் பாகம் தன் வேலையைச் செய்யும் என்று வரைந்தவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதி அது. எல்லையின் விளிம்பில் வந்த பாகமும் நடுவில் வந்த பாகமும் அந்த உறுதிக்கு முன்னால் சமம்.

பட்டையை எங்கே வைப்பது, எவ்வளவு அகலம் வைப்பது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசிக்க வேண்டியதில்லை. ஐஎஸ்ஓ 286 தரம் அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. அதில் எழுத்து, பட்டை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும். எண், பட்டை எவ்வளவு அகலம் என்பதைச் சொல்லும். துளைக்கு ஆங்கிலப் பெரிய எழுத்து, தண்டுக்குச் சிறிய எழுத்து. 25 மி.மீ. துளைக்குப் பெரிய எச் 7 என்றால் 25.000 முதல் 25.021 வரை. 25 மி.மீ. தண்டுக்குச் சிறிய ஜி 6 என்றால் 24.980 முதல் 24.993 வரை. இரண்டையும் சேர்த்தால் எப்போதும் ஏழு மைக்ரானாவது இடைவெளி இருக்கும். எண்ணெய் விட்டால் வழுக்கி ஓடும். இது தளர் பொருத்தம். தண்டைச் சிறிய பி 6 (p6) என்று மாற்றினால் 25.022 முதல் 25.035 வரை. மிகப் பெரிய துளையைவிட மிகச் சிறிய தண்டும் பெரிது. அழுத்தியோ துளையைச் சூடாக்கியோதான் நுழைக்க முடியும். இது இறுக்கப் பொருத்தம். இரண்டுக்கும் நடுவில், சில ஜோடிகள் தளர்வாகவும் சில இறுக்கமாகவும் அமையக்கூடிய இடைப் பொருத்தமும் உண்டு.

என் தண்டுக்குப் பொருந்துவது சிறிய கே 6. அதாவது 25.002 முதல் 25.015 வரை. பேரிங்கின் உள்விட்டம் 24.990 முதல் 25.000. எந்தத் தண்டை எந்தப் பேரிங்கோடு சேர்த்தாலும் குறைந்தது 2 மைக்ரானும் அதிகபட்சம் 25 மைக்ரானும் இறுக்கம் கிடைக்கும். வழுக்காது, நெருக்கியும் கொல்லாது. வெளிவளையத்தின் கதை வேறு. அது சுழலாமல் நிற்கிறது. ஓடும்போது தண்டு சூடாகி நீளும், ஒரு பேரிங்காவது கூட்டுக்குள் கொஞ்சம் நகர வேண்டும். அதனால் 52 மி.மீ. கூட்டுக்குப் பெரிய எச் 7: 52.000 முதல் 52.030 வரை. வெளிவளையம் 51.987 முதல் 52.000 வரை இருக்கும். இறுக்கமே இல்லை, இடைவெளி அதிகபட்சம் 43 மைக்ரான். ஒரே பேரிங்கை உள்ளே இறுக்கமாகவும் வெளியே தளர்வாகவும் வைத்ததற்கான காரணம் இரண்டு எழுத்துகளுக்குள் அடங்கிவிடுகிறது. இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அப்படியானால் எல்லா அளவையும் இப்படி நெருக்கமாகவே எழுதிவிட்டால் என்ன? புதியவர்கள் செய்வது இதைத்தான். தண்டின் நடுவில் உள்ள 32 விட்டத்தில் எதுவும் உட்காரவில்லை. அதற்கு ±0.3 போதும், லேத்தில் ஓரிரு வெட்டில் முடிந்துவிடும். 25-க்கு வேண்டிய 13 மைக்ரான் பட்டை, லேத்தில் நம்பி எடுக்கக்கூடியது அல்ல. சற்று கூடுதலாக விட்டுக் கடைந்து, பிறகு சாணைக்கல்லால் தேய்த்து முடிக்கும் கிரைண்டிங் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். வேறு இயந்திரம், வேறு ஆள், மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவியை வைத்துப் பரிசோதனை. டர்னர் என்னிடம் கேட்டதன் முழு அர்த்தம் இதுதான்: 25-இல் பேரிங் உட்காருமென்றால் கிரைண்டிங்குக்கு மிச்சம் விட்டுக் கடைய வேண்டும், உட்காராதென்றால் நேராக முடித்துவிடலாம். அவர் கருவியைத் தொடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது. 32-க்கும் நான் 13 மைக்ரான் என்று எழுதியிருந்தால், யாருக்கும் பயனில்லாத வேலைக்குப் பணம் கொடுக்க வைத்திருப்பேன்.

ஒன்றுக்குப் பதில் இன்னொன்று

இந்த எல்லைகளால் மனிதர்களுக்குக் கிடைத்தது என்ன என்று யோசித்தால், 1785-ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். பிரான்ஸுக்கான அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஹொனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிக் கைவினைஞரின் பட்டறைக்குப் போனார். பிரித்து வைக்கப்பட்டிருந்த துப்பாக்கி விசைகளின் பாகங்களைக் கையில் வந்தபடி எடுத்துச் சேர்த்தார், அவை பொருந்தின. வியப்போடு ஊருக்குக் கடிதம் எழுதினார். அதுவரை உடைந்த பாகத்துக்கு மாற்று வேண்டுமென்றால், அந்தத் துப்பாக்கிக்கென்றே அராவிப் பொருத்த ஒரு கைவினைஞர் வேண்டும். இன்று எந்த ஊர்க் கடையிலும் 6205 என்று கேட்டு வாங்கி வந்து மாட்டிவிடுகிறோம். அந்தப் பேரிங்கைச் செய்தவர் நம் தண்டைப் பார்த்ததே இல்லை.

இதில் இன்னொரு படி இருக்கிறது. தொடக்கக்காரருக்கு அறிமுகமாக மட்டும் சொல்கிறேன். ஒரு துளையின் மையம் இரு திசையிலும் ±0.1 என்று எழுதினால், மையம் விழ அனுமதிக்கப்பட்ட இடம் 0.2 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம். சதுரத்தின் மூலைக்கு நடுவிலிருந்து உள்ள தூரம் 0.14. மூலையில் விழுந்த துளையை ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் நேர் வலப்புறமாக 0.12 தள்ளி விழுந்ததை நிராகரிக்கிறோம். மூலையில் விழுந்ததைவிட அது மையத்துக்கு அருகில் இருக்கிறது! போல்ட்டுக்குத் திசை தெரியாது. எவ்வளவு தள்ளி என்பது மட்டுமே அதற்குப் பொருட்டு. ஸ்காட்லாந்தின் டார்பிடோ தொழிற்சாலையில் வேலை செய்த ஸ்டான்லி பார்க்கர், இப்படி நிராகரிக்கப்பட்ட பாகங்கள் பொருந்துவதைக் கவனித்து, சதுரத்துக்குப் பதிலாக வட்டம் வேண்டும் என்று வாதிட்டார். அந்தச் சதுரத்தைச் சுற்றி வட்டம் வரைந்தால் பரப்பு சுமார் 57 சதவீதம் கூடுகிறது. தரம் துளியும் குறையாமல் அவ்வளவு பாகங்கள் தப்பிக்க வழி பிறக்கிறது. இன்று வரைபடங்களில் நீள்கட்டத்துக்குள் வட்டமும் குறுக்குக்கோடுகளுமாக வரும் இடக்குறி இந்தச் சிந்தனையின் பிள்ளை. நேர்கோட்டுத் தன்மை, தட்டை, செங்குத்து, ஓட்டப் பிசகு என்று அந்தக் குடும்பம் பெரியது. முதல் ஆறு மாதத்துக்கு அது வேண்டாம்.

ஆனால் வெப்பத்தை முதல் நாளிலிருந்தே நினைவில் வைத்திருங்கள். வரைபடத்தில் எழுதிய எந்த அளவும் 20 பாகை செல்சியஸில் உள்ள அளவு. உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட விதி அது. இயந்திரத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய தண்டு, கையிலிருக்கும் மைக்ரோமீட்டரைவிட 40 பாகை சூடாக இருக்கிறது என்று வையுங்கள். எஃகு ஒரு பாகைக்கு, ஒரு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 25 மி.மீ. விட்டத்துக்கு 40 பாகையில் 11.5 மைக்ரான். நமக்கு இருக்கும் மொத்தப் பட்டையே 13 மைக்ரான். சூட்டோடு அளந்து 25.010 என்று திருப்தியோடு எழுதிவைத்தால், ஆறிய பிறகு அது 24.999-க்குக் கீழே போயிருக்கும். அந்த டர்னர் தண்டைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, தேநீர் குடித்துவிட்டு வந்துதான் அளப்பார். சோம்பல் என்று நான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவர் மேல் மரியாதை கூடியது.

மூன்று நாள் கழித்து தண்டை மறுபடி வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். 25-க்குப் பக்கத்தில் சிறிய கே 6, அடைப்புக்குள் 25.002 என்றும் 25.015 என்றும் எல்லைகள், அட்டவணையைத் தேட வேண்டாமே என்று. தோளிலிருந்து தோளுக்கு 100. மொத்தம் 180. இடமுனை 40. வலமுனையில் எண் இல்லை. 32-க்குத் தனி வரம்பு இல்லை. தலைப்புக் கட்டத்தில் முதற்கோணச் சின்னம், பொது வரம்பு, எந்த உலோகம், மி.மீ.

அவர் தாளை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். தலையாட்டிக்கொண்டே வந்தவர் தோளின் மூலையில் விரலை வைத்து நிறுத்தினார்.

“இந்த மூலையில் வளைவு எவ்வளவு, தம்பி?”

கடையும் கருவியின் நுனி கூராக இருக்காது. மூலையில் ஒரு சின்ன வளைவு எப்போதும் விழும். பேரிங்கின் விளிம்பும் வளைந்திருக்கும். 6205-இல் அது குறைந்தது 1 மி.மீ. தண்டின் வளைவு அதைவிடப் பெரிதாக இருந்தால் பேரிங் தோளில் போய் முட்டாது, வளைவின்மேல் ஏறி நின்றுவிடும். பார்த்துப் பார்த்து எழுதிய 100 வீணாகிவிடும். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த மூலைக்கு ஓர் அம்புக்குறி போட்டு, ஆரம் 0.6 என்று எழுதினேன். அவர் தாளை லேத்தின் தலைப்பகுதியில் காந்தத்தால் ஒட்டிவிட்டுக் கம்பியை எடுக்கப் போனார்.